மேசைக்கு அந்தப் பக்கம் என் மகள்

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு மல்வேர்னில் எங்கள் கட்டடத்து வாசலில் பஸ் ஏறினோம், நானும் மகள் தர்சினியும். முதியவர்களுக்கு இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை தரம் மாறினாலும் வேறு காசில்லை. ரொறொன்ரோவின் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு, விமான நிலையத்துக்குக் கிட்டவுள்ள ஒரு கொலிச்சுக்குப் போகிறோம். நாற்பது கிலோமீற்றர் வரும். இந்த நாட்டில் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் போக எனக்கு ஒரு தேவையும் வரவில்லை.

தர்சினிக்கு முப்பத்தாறு வயது. ஒரு கடைத்தொகுதியில் செக்கியூரிற்றி வேலை. இப்போது உள்நாட்டுப் பாதுகாப்புப் படிக்க எண்ணி நிற்கிறாள். எல்லையில் வருகிறவர்களை விசாரிப்பது, வெள்ளம் நெருப்பு என்றால் சனத்தை ஒழுங்காக வெளியேற்றுவது, எல்லாம் அதற்குள் அடக்கமாம். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு கொலிச் இருக்கிறது, அங்கே இரண்டு வருட டிப்ளோமா. போன கிழமை பார்த்தோம், நல்ல இடம். இந்தத் தூரத்து இடத்தில் நாலு வருடப் பட்டம்; சேர விரும்புகிறவர்கள் வந்து பார்க்கும் நாள் இன்று. அவளுடைய மனம் பட்டத்தில், வாய் மட்டும் கிட்டவுள்ளதைச் சொல்கிறது. காரணம் நான்தான். டொக்டர், மருந்துக்கடை, கோயில், எங்கும் அவளோடுதான் போவேன். பஸ்ஸில் மணிக்கயிறு இழுக்கக்கூட எனக்குக் கூச்சம். முழு பஸ்ஸும் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

முன் இருக்கையில் எங்கள் கட்டடத்து அங்கிள் ஒருவர், சாப்பாட்டுப் பையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"உதென்ன பிள்ளை, இந்த வயசில படிப்போ? எல்லையில நிண்டு எங்கட சனத்தின்ர கருவாட்டைப் பறிக்கவோ?"

"ஒளிச்சுக் கொண்டுவந்தால் பறிப்பன் அங்கிள்."

"பக்கத்தில இருக்கிற கொம்மா கொண்டுவந்தால்?"

"அவவும் லைனிலதான் நிக்கவேணும்."

"போ பிள்ளை! நீ இரக்கக்காரி. உனக்கு உந்த வேலை சரிவராது."

தர்சினி சிரித்தாள். ஆனால் டொன் மில்ஸ் வரும்வரை யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது அவளுக்கும் உள்ள பயம் என்று எனக்குத் தெரியும். நான் என் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன். "கன்ரீன் இருக்கு அம்மா, சாப்பாடு ஒண்டும் கட்டாதேங்கோ" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

டொன் மில்ஸில் நிலக்கீழ் ரெயின். ஷெப்பேர்டில் ஒரு மாற்றம், ஃபின்சில் ஒரு மாற்றம், மேற்கே போகும் பாதையில் இன்னொன்று. டொன் மில்ஸோடு சேர்த்து நாலு என்று விரலை மடக்கிக்கொண்டேன். ஒன்பது முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வகுப்பறை என்று நினைத்துப் போனால் உள்ளே விமான நிலையம்! உயர்ந்த மேசை, கண்ணாடி, மஞ்சள் கோடு, கயிறு கட்டிய வரிசை. மாணவர்கள் பழகுவதற்காகவாம். கட்டை முடி வைத்த ஆசிரியை, அந்த வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், யார் அதிகாரியாக நின்று பார்க்கிறீர்கள் என்று கேட்டார். தர்சினி கை உயர்த்தினாள். என்னென்ன கேட்கவேண்டும் என்று எழுதிய ஒரு பேப்பரை அவளிடம் கொடுத்தார். பயணியாக வர ஒருவரும் இல்லை. ஆசிரியையின் கண் என்னில் விழுந்தது. மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"சும்மா நடிக்கிறதுதான் அம்மா. தமிழிலையே கதைக்கலாமாம்."

மஞ்சள் கோட்டில் போய் நின்றேன்.

"உங்கட பேர் என்ன?"

"உனக்குத் தெரியாதே?"

நான் கேட்ட விதத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பேரைச் சொன்னேன். எங்கேயிருந்து வருகிறேன், யாரிடம் போகிறேன் என்று கேட்டாள். பிறகு, "சாப்பாட்டுச் சாமான் ஏதும் கொண்டுவந்தனீங்களோ?"

"இல்லை" என்று என் வாய் தானாகச் சொன்னது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். "பையைத் திறவுங்கோ."

"பிள்ளை, சனம் பார்க்குது. விடன்" என்றேன், மெல்லமாக.

"திறவுங்கோ அம்மா."

பையை நெஞ்சோடு அணைத்து, நின்றபடியே சிப்பைத் தேடினேன். அவள் கையைக் காட்டி என்னை மறித்தாள். ஆசிரியையின் பக்கம் திரும்பி, பயணிக்கு ஒரு கதிரை வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கதிரை வந்தது. நான் அதில் இருந்த பிறகுதான் பையைத் திறப்பித்தாள். ஒரு பெட்டியில் புட்டு, ஒரு பெட்டியில் கத்தரிக்காய்ப் பொரியல், பேப்பரில் சுற்றிய நாலு வடை. அறை முழுக்க வடை மணம்.

"சாமான் பிரச்சினையில்லை. கேட்டதுக்கு இல்லையெண்டு சொன்னதுதான் பிழை. எழுதத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, பெற்ற தாய் என்றும் பார்க்காமல் எழுதினாள்! எனக்கு வெட்கம் ஒரு பக்கம். ஆனால் அதைவிடப் பெரிதாக நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. ஆசிரியை அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி நீண்ட நேரம் கதைத்தார்.

பன்னிரண்டரைக்குக் கன்ரீனில் இரண்டு கோப்பி, நாலு டொலர் இருபது சதம். பிடிபட்ட புட்டையும் சாப்பிட்டோம்.

"கதிரை குடுக்கச் சொல்லிப் பேப்பரில இருந்ததோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பிறகேன்?"

வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "அண்டைக்கு நீங்கள் நிண்டுகொண்டே இருந்தனீங்கள். நான் சூட்கேசுக்கு மேல இருந்தனான்."

நாங்கள் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்து விசாரணை வரிசையில், நாலு வயதில் அவள் கண்டது. உண்மைதான். அன்று ஒரு கதிரையில் இருக்கலாமோ என்று கேட்க எனக்கு மொழி தெரியவில்லை. என் ஐந்தாம் வகுப்புப் படிப்பில் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

"இஞ்சையே படி" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை டொக்டரிட்ட ஆர் உங்களைக் கூட்டிக்கொண்டு போறது? கிட்ட உள்ளதும் நல்லதுதான் அம்மா."

வெறும் பெட்டிகளை மூடிப் பைக்குள் வைத்தேன்.

இரண்டு மணிக்கு வெளிக்கிட்டோம். காலையில் மடக்கிய நாலு விரல்களையும் மாற்றத்துக்கு ஒன்றாக விரித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். எந்தப் படியால் இறங்குவது, எந்தப் பக்கம் நிற்பது என்று அவள் சொல்வதற்கு முன்னமே திரும்பினேன். கடைசி பஸ்ஸில், களைப்பில் என் தோளில் சாய்ந்து நித்திரையானாள். ஷெப்பேர்ட் வீதியின் கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எங்கள் நிறுத்தத்துக்கு முந்திய சிக்னல் வெளிச்சச் சந்தியைக் கண்டதும், எட்டி மஞ்சள் கயிற்றை இழுத்தேன். மணி அடித்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தர்சினி திடுக்கிட்டு எழும்பினாள். "ஆர் அம்மா பெல் அடிச்சது?"

"நான்தான். நீ அந்தப் பட்டத்துக்கு விண்ணப்பம் எழுதிப் போடு."