ஆமென் வராத ஜெபம்

"எங்க ஊட்ல கிறிஸ்மஸ்னா வேதம்தான்ப்பா. ஜெபம் முடியாம ஒரு பருக்கை உள்ள போவாது!" 1974-இல் கும்மிடிப்பூண்டி ஆலையில் கூட்டாளி பூவராகவனிடம் மார்தட்டிய ஆசீர்வாதம், அதைக் கண்ணால் பார்க்கப் பண்டிகைக்கே அவரை அழைத்தும்விட்டார். இனி மானப் பிரச்சினை.

கவரைப்பேட்டை வீட்டில் கிறிஸ்மஸ் காலையில் பூவராகவனோடு எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். பக்கத்திலேயே வடைத்தட்டில் ஆவி பறந்தது. லூக்கா இரண்டாம் அதிகாரத்தை ஆசீர்வாதம் ரயிலுக்கு ஓடுகிறவர்போல வாசித்தார். யாரும் சேதி சொல்லாமலே மேய்ப்பர்கள் பெத்லகேமுக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

"இன்னாங்க, அவங்களுக்குச் சேதி சொல்ற தேவதூதன் எங்க?" என்றாள் மனைவி கிரேஸ்.

"வந்துக்கினு கீறாரு!" என்று விட்டுப்போன பக்கத்தைத் திருப்பித் தூதனை வரவழைத்தார்.

பிறகு ஜெபம். அவர் ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பூவராகவனும் பக்தியோடு கண்களை இறுக்கிக்கொண்டார். பாதியில் ஜெபம் நின்றது. எல்லோரும் ஆமெனுக்குக் காத்திருக்க, வாய்க்குள் போட்ட சுடுவடையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் முழித்துக்கொண்டிருந்தார் ஆசீர்வாதம்.