அடுப்பில் எரிந்த முக்காடு

என் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தண்ணீர்மலை முருகன் கோயில் திருநீறு பூசியும் இறங்கவில்லை. இருப்புக் கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தபோது, வாசற்படியோரம் ஒரு வெள்ளைப் பட்டுத் துணி கிடந்தது. துணி முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. செய்வினைதான் என்று முடிவு கட்டினேன். போன வாரம் குழாயடியில் என்னோடு வாய்ச்சண்டை போட்ட பக்கத்து வீட்டு மைமூன் அக்காவின் முகம் கண்முன் வந்தது. "முருகா, நீயே பார்த்துக்கொள்" என்று துணியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அது எரிந்து முடிவதற்குள் அக்காவே வந்து நின்றார்.

"தம்பி, என் துணி ஒண்ணு காத்துல இந்தப் பக்கம் வந்துச்சா? கல்யாணப் பொண்ணுக்கு முக்காடுலா. முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்கினா, கட்டின இடமெல்லாம் மல்லிகைப் பூவாட்டம் வெள்ளையா வரும். பத்து நாளா கட்டினேன்."

நான் அடுப்பைக் காட்டினேன். "செய்வினைன்னு பயந்துட்டேன் அக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல்."

அவர் சாம்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாரு வச்சதுன்னு நெனச்சீங்க?"

"தெரியல அக்கா" என்றேன்.

"நல்ல ஆளு நீங்க! பிள்ளைக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஏசிக்கொண்டே உள்ளே போய், ஈரத்துணியால் மகளின் உடம்பைத் துடைக்க உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இறங்கியது.

மறுநாள் புதுப் பட்டு வாங்கிக் கொடுத்தேன். அதை வாங்கி, முதல் முடிச்சைப் போடத் தொடங்கினார். நான் சொன்ன பொய்யை மலையேறி முருகனிடம் ஒப்புக்கொண்டேன். அக்காவிடம் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.