சுறாவின் தொப்புள் வடு

என் பேத்தி பயிலும் பள்ளியில் உயர்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கடலைக் காப்பது குறித்து ஒரு வகுப்பு நடைபெறுகிறது. யாங்கூன் பிள்ளைகளுள் பலர் கடலைக் கண்டதில்லை. கலங்கிய ஆற்றில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குவதே அவர்கள் அறிந்த கடல். அத்தனை பேரையும் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல இயலாத ஆசிரியை, சந்தைக்கு வந்து சேரும் கடலையாவது பார்த்து வாருங்கள் என்று கூறி, ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். மீனின் வகை, அதன் நீளம், அது எதற்காக வாங்கப்படுகிறது என்பவற்றை அதில் குறித்தல் வேண்டும். பேத்தியின் பங்குக்குச் சுறா வாய்த்தது.

அவ்வாரம் பசுந்தாங்கிலுள்ள எங்கள் வீட்டில் வேறொரு கவலை நிலவியது. என் இளைய மகள் பெண் குழந்தை பெற்று ஐந்து நாள் ஆகியும் அவளுக்குப் பால் ஊறவில்லை. புட்டிப்பால் கொடுக்கும்போதெல்லாம் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். உடன் தாயும் அழுவாள். தங்கைக்குத் துணையாக இருப்பதற்கு என் மூத்த மகள் தின்கன்ஜூனிலிருந்து வந்திருந்தாள். அவள் மகளே மேற்சொன்ன பேத்தி.

"அப்பா, நாளைக்குக் காலையில பால்சுறா கிடைக்குமான்னு பாருங்க. அக்காவுக்கு அதச் சாப்பிட்டப்புறந்தானே பால் வந்துச்சு?" என்று இளையவள் கேட்டாள்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுப்பது, துறைமுக வேலைக்குக் கப்பலேறி வந்த எம் முன்னோர் உடன் கொண்டுவந்த வழக்கம். சுறா சிறியதாக இருத்தல் அவசியம் என்பர்.

மறுநாள் காலை, அளப்பதற்குப் பேத்தியும் வாங்குவதற்கு நானுமாகச் சந்தைக்குச் சென்றோம். தாயின் தையற்பெட்டியிலிருந்து அளவு நாடாவை அவள் எடுத்து வந்திருந்தாள். எனக்குப் பழக்கமான மீன்காரி, தந்தை வழியில் தமிழச்சி, தாய் வழியில் பர்மியப் பெண். பர்மிய முறையில் என்னை ஊலே (மாமா) என்றும் பேத்தியைத் தமீ (மகள்) என்றும் அழைப்பாள்.

"வாங்க ஊலே. சின்ன மகளுக்கா? நல்ல குட்டியா வச்சிருக்கேன். ஏ தமீ, அது என்ன டேப்பு? மீனுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"வால் பக்கம் கொஞ்சம் லூசா தைக்கச் சொல்லு!" என்று அடுத்த கடைக்காரி சேர்ந்துகொண்டாள்.

பேத்தி சிரிக்கவில்லை. ஒரு சுறாவை நீட்டி வைத்து அளந்தாள், முப்பத்திரண்டு சென்டிமீட்டர். பின்னர் அதை மல்லாத்தி, முன்துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே விரலை வைத்தாள்.

"தாத்தா, இங்க பாருங்க. தொப்புள்."

"மீனுக்கு ஏதும்மா தொப்புள்?"

"இந்தச் சுறாவுக்கு இருக்கு. இது முட்டை போடாது, குட்டி போடும். கொடி ஒட்டியிருந்த இடம் இது. சனிக்கிழமை வகுப்புல செயாமா படத்துல காட்டினாங்க. இன்னும் மூடல பாருங்க, பொறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கு. இதெல்லாம் பெரிசாகிக் குட்டி போடுறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டா அப்புறம் கடல்ல எது இருக்கும்?"

வெண்மையான வயிற்றில், நகத்தால் கீறியது போன்ற ஒரு பிளவு. இத்தனை ஆண்டுகளாகச் சுறா வாங்கி வந்த நான், ஒன்றையேனும் மல்லாத்திப் பார்த்ததில்லை. பலகையில் கிடந்த மற்றவற்றையும் அவள் திருப்பினாள். எல்லாவற்றிலும் அது இருந்தது.

"தமீ, நானா போய்ப் பிடிச்சேன்? என்கிட்ட செத்துதான் வருது. நீ அளந்தா எந்திரிச்சு நீந்தப் போகுதா?" என்றாள் மீன்காரி.

"போகாது. யாரும் கேக்கலன்னா பிடிக்கவும் மாட்டாங்க."

"உன் சின்னம்மாதானே கேக்குது!"

பேத்தி நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள். எனக்கோ வீட்டின் அழுகை நினைவுக்கு வந்தது. இரண்டை நிறுக்கச் சொன்னேன். பேத்தி தாளை எடுத்து எழுதத் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் நிறுத்தினாள்.

"யாரோ ஒருத்தர் வாங்கினாருன்னு போட்டுடேன்" என்றேன்.

"யாருன்னு கேக்கல தாத்தா. எதுக்குன்னுதான் கேட்டிருக்கு."

'சின்னம்மாவுக்குப் பால் ஊற' என்று பர்மிய எழுத்தில் எழுதினாள்.

நிற்க. வீட்டுப் படியேறுகையில் அழுகுரல் கேட்கவில்லை. ஏதும் விபரீதமோ என்று விரைந்தேன். மூத்தவள் வாசலில் வாய்மேல் விரல் வைத்து நின்றாள். நாங்கள் புறப்பட்ட சற்று நேரத்தில் பால் சுரந்து, குழந்தை வயிறாரக் குடித்து உறங்கிவிட்டதாம். இளையவள் படுத்தவாறே என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள். பிள்ளை பெற்ற பிறகு அதுவே முதல் புன்னகை.

"வாங்கினத வீணாக்க முடியுமா?" என்று மூத்தவள் சுறாவை அவித்துத் தோலுரித்து, பூண்டும் பச்சைமிளகாயும் நிறையச் சேர்த்துப் புட்டு செய்தாள். மகள்கள் இருவரும் இளைய மருமகனும் நானும் உண்டோம். சுவையாகவே இருந்தது. பேத்தி பருப்பும் சோறும் போதும் என்றாள்.

மாலையில் மிங்கலாடோனிலிருந்து உறவுக்காரி ஒருத்தி தொலைபேசியில் நலம் விசாரித்தாள். அவள் மருமகளுக்கு அது நிறைமாதம்.

"சுறா வாங்கியாந்தோம் அத்தை, அன்னைக்கே பால் வந்துடுச்சு! ஆமா, பசுந்தாங் சந்தையிலதான்" என்று மூத்தவள் கூறிக்கொண்டிருந்தாள்.

"சமைக்கிறதுக்கு முன்னாலயே வந்துடுச்சுன்னு சொல்லும்மா" என்றேன்.

"அதுவும் சுறா வாங்கப் போன நேரந்தானேப்பா!" என்று தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டு, கடைக்கு வழி கூறலானாள்.

பேத்தி தாளுடன் என்னருகில் வந்து அமர்ந்தாள். "தாத்தா, இத அடிச்சுட்டு வேற எழுதணுமா?"

"எழுதும்மா. நடந்தத எழுது."

எழுதியதை ஒரு கோட்டால் அடித்தாள். 'பால் வந்த பிறகு நான்கு பேர் மதியம் சாப்பிட்டார்கள்' என்று கீழே எழுதினாள். கட்டம் சிறியது, கடைசிச் சொல்லை ஓரத்தில் எழுதினாள்.