பத்திரிகையில் பெரியபிள்ளையானவள்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த குளிர்தேசத்து நகரத்தில், டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு அப்பாட்மென்ரின் ஆறாம் மாடியில் இருந்துகொண்டு, மாத்தறைக்கு உள்ளே இருக்கும் ஒரு சிங்களக் கிராமத்தைப் பற்றிச் சிறுவர் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு வாரப் பத்திரிகையில் அது தொடராக வந்தது. "சனம் யாழ்ப்பாணத்தைத்தானே கேக்குது அக்கா, நீங்கள் ஏன் தெற்கில போய் நிக்கிறியள்?" என்று பத்திரிகை நடத்திய தம்பி கேட்டார். நான் வளர்ந்த இடம் அதுதான். அப்பா அங்கே சுருட்டுக்கடை வைத்திருந்தார். வளராத இடத்தில் வளர்ந்ததாக எழுத எனக்குத் தெரியாது, விருப்பமும் இல்லை.

கதையைச் சொல்பவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் எல்லாம் எனக்கு அத்துப்படி. என் வீட்டிலும் பன்னிரண்டு வயதில் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மகள் என்னோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் அறைக்கதவைச் சாத்திவிடுவாள். என்ன என்று கேட்டால் "நத்திங்." யாராவது அடிக்கிறார்களா, ஏதும் நோய் வருத்தமா, கூடாத கூட்டமா என்று நினைத்து நினைத்து நான் உருகிப்போனேன். கணவருக்குச் சொன்னால், "அந்த வயசு அப்பிடித்தான், விடும்" என்று வேலைக்குப் போய்விடுவார். இருந்த ஒரே ஆறுதல், உடுப்புத் தோய்க்கும் வேலையை அவள் தானாகவே எடுத்துக்கொண்டதுதான். கூடையைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருக்கும் மெஷினுக்குத் தனியாகப் போய்வருவாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் கதையில் வரும் சிறுமி வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். அது என் சொந்தக் கதை. அம்மா ஒரு செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணம் போயிருந்த கிழமை அது நடந்தது. அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்வீட்டுச் சிங்களப் பெண்ணைப் போய்க் கூப்பிட்டார். அவர் சலவைக்காரப் பெண்ணுக்கு ஆளனுப்ப, இருவருமாகத் தங்கள் முறைப்படி என்னை வைத்துப் பார்த்தார்கள். அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். படம் வரைகிறவர் பன்னிரண்டு வயது முகம் ஒன்று வேண்டுமென்று கேட்டதால், மகளின் பள்ளிக்கூடப் படத்தைக் கொடுத்திருந்தேன். சனி அங்கேதான் பிடித்தது.

எங்கள் ஆட்களிடையே சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, என்றால் பிள்ளையின் படத்தோடு பத்திரிகையில் வாழ்த்துப் போடுவார்கள். அந்தக் கிழமை வாழ்த்துப் பக்கத்துக்கு எதிரே என் கதை வந்திருந்தது. மாத்தறையோ சுருட்டுக்கடையோ ஒருவர் கண்ணிலும் படவில்லை. அச்சு அசலாக என் மகளின் முகம், மேலே கொட்டை எழுத்தில் "நான் பெரியபிள்ளையானேன்." வேறென்ன வேண்டும்? நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு மச்சாள் போன் எடுத்து, "பேப்பரில போடத் தெரியுது, எங்களுக்கு ஒரு சொல் சொல்லத் தெரியேல்லை, என்ன?" என்று கோபித்தாள். அடுத்தது ஒரு வீடியோக்காரர். "விழாவுக்கு ஹோல் எடுத்திட்டியளோ அக்கா? பல்லக்கு, மேடை, வீடியோ எல்லாம் நானே பாக்கிறன்." அது கதை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நொந்தது. ஆனாலும் உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது.

எட்டாம் மாடி அன்ரி போன் எல்லாம் எடுக்கவில்லை. ஒரு போத்தல் நல்லெண்ணெய், ஒரு பெட்டி முட்டை, சட்டியில் சுடச்சுட உழுத்தங்களி என்று பெரியபிள்ளையானவளுக்குக் கொடுக்கும் சாமான்களோடு நேரே வந்து இறங்கிவிட்டார்.

"உது கதை அன்ரி. சின்னனில எனக்கு நடந்தது."

"கதையோ? பிள்ளையின்ர படம் கிடக்கு. என்னட்டை ஒளிக்கிறியோ?"

நான் பதில் சொல்ல முதல், பனி ஒட்டிய சப்பாத்தோடு மகள் உள்ளே வந்தாள். மேசையில் முட்டை, எண்ணெய், களி. பக்கத்தில் விரித்தபடி பத்திரிகை. எத்தனை சொந்தக்காரர் வீடுகளில் அதே சாமான்களைப் பார்த்திருப்பாள்! முகம் வெளிறிவிட்டது. "யூ டோல்ட் எவ்ரிவன்," என்றாள். குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டினாள்.

நான் கதவடியில் போய் நின்றேன். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் அம்மா?"

"எனக்கு ஒண்டும் தெரியாது குஞ்சு."

"தெரியாமல் எப்பிடி எழுதினனீங்கள்?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. கறையை மறைக்கத்தான் அந்த உடுப்புக் கூடை, அந்தப் பொறுப்பு, எல்லாம்.

"அது நான், குஞ்சு. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க நடந்தது. நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஹோல் எடுப்பீங்கள். ஸ்டேஜில இருத்துவீங்கள். என்ர கிளாஸ் போய்ஸ் எல்லாம் வருவினம். எனக்கு வேண்டாம்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நோய் வருத்தம் இல்லை. யாரும் அடிக்கவில்லை. ஒரு மேடைக்குப் பயந்தா இந்தப் பிள்ளை இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தது? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஹோலும் இல்லை, ஸ்டேஜும் இல்லை," என்றேன்.

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

பிறகு, "கதையில அவ என்ன செய்தவ?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அன்ரி எழும்பி வந்து பத்திரிகையை என் கையில் தர, கதவுக்கு வெளியே இருந்தபடி வாசித்தேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சிறுமி தகப்பனிடம் சத்தியம் வாங்குகிறாள். மகள் எங்கே என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்க, தகப்பன் கடும் காய்ச்சல் என்று சொல்லிவைக்கிறார். காய்ச்சல் என்றால் அந்த ஊரில் கொத்தமல்லி அவித்த தண்ணீர்தான் மருந்து. ஆளுக்கொரு போத்தலாக ஊரே கொண்டுவந்து கொடுக்கிறது. பொய் பிடிபடாமல் இருக்க அவள் அவ்வளவையும் குடிக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே சிரிப்புக் கேட்டது. "எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். இண்டைக்கும் எனக்குக் கொத்தமல்லி மணம் பிடிக்காது."

கதவு திறந்தது. மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. அன்ரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹோல் வேண்டாமெண்டால் விடு. தலைக்குத் தண்ணியாவது வாக்கவேணும் பிள்ளை."

"தண்ணி ஓகே அன்ரி. வீடியோ வேண்டாம்."

"அப்ப வந்து பச்சை முட்டையைக் குடி."

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். அன்ரி களியை எங்கள் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, திருப்தியோடு வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டுச் சோபாவில் வந்து இருந்தேன்.

போன் அடித்தது. நான் போக முதல் மகள் எடுத்துவிட்டாள். திரும்பவும் அந்த வீடியோக்காரர்.

"அது அம்மா எழுதின கதை அங்கிள்," என்றாள். "அந்தப் பிள்ளை மாத்தறையில இருக்கிறா."

போனை வைத்துவிட்டுச் சோபாவில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். பிறகு தொடங்கினாள். எந்தச் சிநேகிதி யாரோடு கோபம், கணக்கு ரீச்சர் எப்படித் தும்முவார், அது வந்த முதல்நாள் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு பயந்துபோனாள், இடுப்பில் கட்டிக்கொள்ள யார் தன் சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு குளிர்காலத்துப் பேச்சு முழுவதும் வந்துகொண்டிருந்தது. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. எழும்பினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று நான் அசையாமல் இருந்தேன்.