கொசுவலைக்குள் நுழைந்த கை

என் மகளின் கன்னத்தில் இருந்த அந்தக் கீறல் யாருடைய நகம் பட்டு வந்தது? ஐந்து வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை. குடைபோல விரியும் அவளுடைய பழைய நீலக் கொசுவலையைப் பரணிலிருந்து இறக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே இறங்கி வருகிறது.

அப்போது நாங்கள் அடையாறு பக்கம், கிண்டிக் காட்டு மதிலை ஒட்டிய குடியிருப்பில் இருந்தோம். காலையில் கதவைத் திறந்தால் பூப்பந்து ஆடும் இடத்தில் மான்கள் படுத்திருக்கும். மதியத்தில் இலைநிழல் சுவரெல்லாம் அசைய, வீடே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றும். குழந்தைக்கு நான்கு மாதம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பால் சூட்டைத் தொட்டுப் பார்ப்பேன், மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். சதை வெட்டுப்பட்டுவிடுமோ என்று அவள் நகத்தைக்கூட வெட்டாமல் விட்டிருந்தேன்.

பாத்திரம் தேய்க்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் வந்த அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து நடந்தே வருவாள். வயிற்றில் குட்டி தொங்க, தினமும் எங்கள் மதில்மேல் வந்து உட்காரும் ஒரு குரங்கைக் காட்டி, "தோ பாரு, உன் ஓர்ப்படி வந்துகீறா. காபி இல்லியான்னு கேக்குறா," என்பாள்.

அன்று மின்சாரம் இல்லை. திறக்காதே என்று எல்லோரும் சொல்லியிருந்த ஜன்னலைக் காற்றுக்காகத் திறந்துவைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் அந்தக் குரங்கு என் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரு கையால் வலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கறுத்த விரல்களால் அவள் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. வலையின் நீல வெளிச்சத்தில் குட்டியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ, பிறகுதான் கத்தினேன். அது ஜன்னல் வழியே போய்விட்டது.

மாலையில் வீடு திரும்பிய கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் குழந்தையின் கன்னத்தில் ஒரு கீறலைப் பார்த்து, "குரங்கு பிறாண்டிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? "ஆமாம்," என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் குழந்தை ஊசிமேல் ஊசி போட்டுக்கொண்டாள். குரங்கைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லிக் குடியிருப்பு அலுவலகத்துக்கு மனு எழுதினோம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "இன்னாம்மா சொல்ற? நேத்து காலீல நான் தண்ணி ஊத்தசொல்லோவே அந்தக் கோடு இருந்துச்சி. புள்ள தானே கீறிக்கிச்சி. நகத்த வெட்டு வெட்டுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

"நான் பார்க்கலையே," என்றேன்.

"அப்ப குரங்கு பிறாண்டுனத மட்டும் பாத்தியா?"

மனு அதற்குள் போய்விட்டது.

சில நாளில் மரத்தடியில் வாழைப்பழத்தோடு ஒரு கூண்டு வைத்தார்கள். குட்டியோடு அது மாட்டிக்கொண்டது. வண்டியில் ஏற்றும்போது, கூண்டுக்குள் உட்கார்ந்து தன் குட்டியின் தலைமுடியை அதே விரல்களால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பல் ஒட்டிய கையோடு அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். அதற்குப் பிறகு ஓர்ப்படி என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

இப்போது மந்தைவெளியில் மாடி வீடு. வருவது புறாக்கள் மட்டும். உறவுக்காரர்கள் குரங்குக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தியதில், புறா சிறகடித்தாலே மகள் ஜன்னலைச் சாத்தச் சொல்லி அழுகிறாள். நேற்று பொம்மையைக் கொசுவலைக்குள் படுக்கவைத்துவிட்டு நகம் வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தாள். ஒரு கை முடிந்தபோது, "அந்தக் குரங்கு என்னை ஏம்மா பிறாண்டிச்சு?" என்று கேட்டாள்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்னொரு கை நகம் அப்படியே இருக்கிறது. பிறாண்டவில்லை என்று சொன்னால், அந்த ஊசியெல்லாம் எதற்கு என்று கேட்பாள். தெரியாது என்று சொன்னால் இன்னும் பயப்படுவாளோ? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?