பிரசவத்துக்கு முன் தெரிந்தெடுத்த மொழி

மட்டக்களப்பு நகரத்தில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் அமண்டாவுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை வவுணதீவு நெல் ஆலையுடையது. வண்டியோடு நெல்லை நிறுக்கும் தராசைக் கணினியோடு இணைத்துப் பற்றுச்சீட்டு அடிக்க வேண்டும். அங்கே இணையம் ஒழுங்காக வராது. எல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே ஓட வேண்டும். மாசி அறுவடையில் பிசகினால் வேலை கொழும்புக் கம்பனிக்குப் போய்விடும் என்று ஆலைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அமண்டாவின் பிரசவமும் மாசியில்தான்.

சி ஷார்ப்பில் எழுதுவதா, விஷுவல் பேசிக்கிலா? இரண்டும் நிரல் எழுதும் மொழிகள், ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று செய்வதை மற்றதும் செய்யும். ஆனால் இளசுகள் எல்லாம் சி ஷார்ப் பக்கம், அமண்டாவின் கையும் அதில்தான் ஓடும். பேசிக் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கென்ன, அவர்களா வந்து ஆலையில் நிற்கப் போகிறார்கள்?

"நான் வார்ட்டுல கிடக்கக்குள்ள இத ஆரு பாக்கிற?" என்று கணவன் வெய்னிடம் கேட்டாள்.

"றுமைஸாவக் கேளன்."

காத்தான்குடி றுமைஸா அவளோடு ஒன்றாகக் கணினி வகுப்பு எடுத்தவள். அவளுக்குத் தெரிந்தது பேசிக் மட்டும். அமண்டா கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பேசிக்கிலேயே எழுதினாள்.

அறுவடை தொடங்கிய அன்றைக்கே அவளுக்கு வலி வந்தது. ஆலைக்கு றுமைஸா போனாள். முதல் வண்டியிலேயே சண்டை.

அமண்டா பட்டணத்துப் பிள்ளை. நெல் என்றால் சாக்கில்தான் வரும் என்று நினைத்து, எடைக்கேற்பச் சாக்கின் பாரத்தைக் கழிக்கும்படி நிரலில் எழுதி வைத்திருந்தாள். வட்டை வயல்களிலோ அறுவடை இயந்திரம் நெல்லை நேராக உழவு இயந்திரப் பெட்டிக்குள் கொட்டுகிறது. சாக்கே இல்லாத நெல்லுக்குச் சாக்குக் கழிவு! வயற்காரப் போடியார்மார் சும்மா விடுவார்களா? ஆலைக்காரர் கொழும்புக்கு அழைக்கப் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணன்," என்றாள் றுமைஸா. நிரலை வரிவரியாக வாசித்து, அந்தக் கழிவைப் பிடித்து நீக்கி, பற்றுச்சீட்டைத் திருத்தி அடித்துக் கொடுத்தாள். வண்டிகள் நகர்ந்தன. போன் சட்டைப்பைக்குள் போனது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் றுமைஸா இதைச் சொன்னபோது, மகளை மடியில் வைத்திருந்த அமண்டா அழுதுவிட்டாள்.

"சி ஷார்ப்புல எழுதியிருந்தா நீங்க என்ன செய்ற? என்ட வேலையக் காப்பாத்திட்டீங்க றுமைஸா. சாகுமட்டும் மறக்க மாட்டன்."

"அழாமப் புள்ளைக்குப் பாலக் குடுங்க," என்றாள் றுமைஸா. "நாப்பது நாள் முடியுமட்டும் நீங்க எழும்பப் படாது. அதுவரைக்கும் மில்லுக்கு நான்தான் போவன்."