காயாத படகு

திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எங்கள் அலுவலக விருந்து. புல்வெளியில் அலங்காரத்துக்கு ஒரு பழைய மரப்படகை நிறுத்தியிருந்தார்கள். பலகைகள் வெயிலில் பிளந்து கிடந்தன. தார் உருகும் வாசனை வந்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்பா ஓட்டியது யுத்த காலத்தில் அவசரமாகக் கட்டிய மர இழுவைப் படகு. வெடிமருந்துத் தோணிகளை இழுத்தது. யுத்தம் முடிந்த பிறகு துறைமுகத்தில் கப்பல்களை இழுத்தது. கடைசியில் உடைப்பதற்காக எங்கள் ஊர்க் கரையில் ஏற்றிவிட்டார்கள்.

மரப்படகு காய்ந்தால் பலகை சுருங்கி இடைவெளி விழும். அதனால் அப்பா தினமும் இரண்டு வேளை கடல் தண்ணீரை மொண்டு அதன்மேல் ஊற்றினார்.

உடைக்க எடுத்த கான்ட்ராக்டர் சிரித்தார். "ஒடைக்கப் போற படகுக்கு இன்னாத்துக்குய்யா தண்ணி?"

"ஒடைக்கிற வரைக்கும் அது படகு. இப்போ எறக்குனாலும் மெதக்கும்."

ஒரே நாளில் முடிப்பதாகச் சொன்ன ஆட்கள் நாலு நாள் கோடாலி போட்டார்கள். ஊறியிருந்த பலகைகள் ஒன்றையொன்று விடவில்லை. அந்த நாலு நாளும் அப்பா மிச்சமிருந்த பாதிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

விருந்து மேசையிலிருந்த ஐஸ் வாளியைக் கவிழ்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலுக்குப் போய் மொண்டு வந்து படகின்மேல் ஊற்றினேன். ரிசார்ட் மேனேஜர் ஓடி வந்தார்.

"மேடம், வார்னிஷ் போயிடும்! இது சும்மா ஷோவுக்கு நிக்குது."

"ஷோ உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாளிக்கு நடந்தேன்.